இருநூற்றுப் பன்னிரண்டு நொடிகள்

மார்ச் 4

அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவின் அலமாரியைக் காலி செய்தேன். இத்தனை நாளாகத் தள்ளிப்போட்ட வேலை. சட்டைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. அதற்குள் அவருடைய பழைய அடையாள அட்டை, உன் பட்டமளிப்புப் புகைப்படம், கூடவே ஒரு பழுப்பு உறை. என் மேசையில் எந்தக் காகிதமும் ஒரு வாரம் தங்காது என்பதால் பத்திரமாக வைக்கச் சொல்லி நான்தான் அந்த உறையை அவரிடம் கொடுத்திருந்தேன். மேலே உன் கையெழுத்து: "நான் கேட்கும்வரை திறக்காதே." ஒட்டிய இடத்தின் குறுக்கே நான் போட்ட கையெழுத்து கலையாமல் இருக்கிறது. உறை இன்றுவரை திறக்கப்படவில்லை.

விஷயம் புரிகிறதா? நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். உன் எக்ஸ்ரே வேறு, என் எக்ஸ்ரே வேறு. ஆனாலும் நீ சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். ஏதோ ஒரு தூரத்து கேலக்ஸியின் நடுவில் ஒரு கருந்துளை. அதன் பக்கத்தில் விளக்கு மாதிரி ஒன்று எக்ஸ்ரேயை வீசுகிறது, அது கூடிக் குறைந்து மினுங்குகிறது. சுற்றிலும் தட்டு மாதிரி வாயு. விளக்கு ஒருமுறை பளிச்சிட்டால் நேராக வரும் ஒளி முதலில் வந்து சேரும், தட்டில் பட்டுத் திரும்புவது கொஞ்சம் தாமதமாக வரும். காலி மண்டபத்தில் கை தட்டினால் சுவரிலிருந்து இரண்டாவது சத்தம் வருகிற மாதிரி. அந்தத் தாமதத்தை அளந்தால் விளக்குக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். சரிதானே?

உனக்குப் பிடித்த விடை தானாக வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று உங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருந்தீர்கள். வெளியாள் ஒருவர் ரகசியமாக ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அத்தனை நொடி அந்த எதிரொலியைத் தள்ளிவைக்க வேண்டும். அப்படித் தள்ளிவைத்த தரவுக் கோப்பை வைத்துத்தான் நீ கணக்குப் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் கழிக்க வேண்டும். அந்த வெளியாள் நான். நீ அனுப்பிய நிரலில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு, அதையே காகிதத்தில் எழுதி, நீ அனுப்பியிருந்த உறையில் போட்டு ஒட்டினேன்.

ஐந்து மாதம் கழித்து நீ போன் செய்து கேட்டபோது "நாற்பத்தாறு" என்றேன். உறை என் கையில் இல்லை. நான் வீட்டிலேயே இல்லை, அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது. அதே பிளாஸ்டிக் கோப்பில், அப்பா போன அன்று நான் எதையும் பார்க்காமல் செருகிவைத்த மருத்துவமனைக் காகிதமும் இருந்தது. ஆண்கள் பிரிவு, கட்டில் 46. பதினொரு நாள் மருந்துக்கும் பணம் கட்டவும் நின்ற ஒவ்வொரு ஜன்னலிலும் அந்த எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உறைக்குள் உண்மையில் என்ன எழுதினேன் என்று சத்தியமாக நினைவில்லை. திறக்கவா, அனுப்பவா? நீ சொல்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உறையைத் திறக்கவில்லை என்பதால் நீ சொன்ன எண் தப்பு என்று ஆகிவிடாது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததே நீதான். மனதின் ஏதோ மூலையில் நாற்பத்தாறு இருந்திருக்கலாம், கட்டில் எண்ணும் அதுவாகவே அமைந்திருக்கலாம். இதைவிட அதிசயமான தற்செயல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, என் நிலைமை. எனக்கு வந்த கணக்கு 258 நொடி. அதில் 46 போக 212. கட்டுரை அந்த 212-ஐ வைத்துத்தான் நிற்கிறது. மற்ற கேலக்ஸிகளில் இந்தத் தாமதம் இதைவிட மிகக் குறைவு. இதில் மட்டும் விளக்கு தட்டிலிருந்து ஆறு கோடி கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது என்று நான் சொன்னதால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், வருடா வருடம் நீட்டிப்புக்குக் கைகட்டி நிற்கிறேன். ஏப்ரல் 22 அன்று நிரந்தர வேலைக்கான குழு கூடுகிறது. பட்டியலில் மூன்று பேர் இருக்கிறோம். அந்த 212 இல்லாவிட்டால் நான் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆகவே உறை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். திறக்காதே, அனுப்பாதே. 22ஆம் தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடம் சும்மா கிடந்தது இன்னும் ஐந்து வாரம் கிடந்தால் ஒன்றும் முழுகிப் போய்விடாது.

அப்பாவின் கட்டில் எண் எனக்கு இதுவரை தெரியாது.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நீ சொன்னபடி உறையை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். இப்போது அந்த அலமாரியில் அது ஒன்றுதான் இருக்கிறது.

கட்டில் எண் உனக்கு எப்படித் தெரியும்? நீ கேட்கவே இல்லையே. அன்று போனை எடுத்ததும் உன் முதல் வார்த்தை "நம்பர் என்னடா?" நான் சொன்னேன். "சரி, வைக்கிறேன்" என்றாய். மறுநாள் காலை அப்பா போய்விட்டார். போன பிறகு உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "கட்டுரை அனுப்பிட்டேன்! அப்பா எப்படி இருக்கார்?" அந்த ஆச்சரியக்குறியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரிக்காதே. எத்தனையோ பெரிய விஷயம் இருக்க அந்தக் குறிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

நியாயமாகச் சொன்னால் என்மேலும் தப்பு உண்டு. பதினொரு நாளும் "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று உனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது நான். "ராக்கெட்டுக்கு வேல இருக்கும், தொந்தரவு பண்ணாத" என்று பேச முடிந்த நாளெல்லாம் அப்பா உன்னைப் பற்றிச் சொல்வார். நானும் கேட்டுக்கொண்டேன். அவர் போனதும் நீ அழுதுகொண்டே வருகிறேன் என்றபோது "வந்து என்ன பண்ணப் போற, வர வேணாம்" என்றவனும் நான்தான். நான் வேண்டாம் என்றால் நீ கட்டாயம் வருவாய் என்று நினைத்தேன். நீ என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உன்னைக் குத்துவதற்காக இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இடது, வலது என்று காட்ட ஈயத்தில் ஒரு சின்ன எழுத்தை வைப்போம். போன வருடம் ஒரு பெரியவருக்கு அதை மாற்றி வைத்துவிட்டேன். படம் மேலே அறுவைச் சிகிச்சை அறைக்குப் போய்விட்டது. பிறகு ஞாபகம் வந்ததும் மூன்று மாடி ஓடினேன், ஈய அங்கியைக்கூடக் கழற்றவில்லை. டாக்டர் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். கேட்டுக்கொண்டு நின்றேன். கீழே வந்து உட்கார்ந்தபோது நன்றாக இருந்தது. உங்கள் வேலையில் எண் மாறினால் யாரையும் வெட்ட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும்.

மற்றபடி இங்கே எல்லாம் அப்படியே. "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். சில நாளில் அதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் நான் பேசியிருக்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 3

எலும்பு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்பா உனக்கு வைத்த பெயர், எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இங்கே என்னை ராக்கெட்டு என்று கூப்பிட ஆள் இல்லை. எனக்கு இங்கே உள்ள பட்டப்பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு. நடைபாதையில் எதிரே வருபவர்கள் "என்ன இருநூற்றுப் பன்னிரண்டு, சாப்பிட்டாச்சா?" என்கிறார்கள். முதல் வருடம் பெருமையாக இருந்தது.

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை பார்க்க முயன்றேன். அந்த ஈய எழுத்து மனதைவிட்டுப் போகவில்லை. குத்தவில்லை என்கிறாய், நன்றாகத்தான் குத்தியிருக்கிறாய்.

உன்னிடம் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொரு குழுவில் ஒரு இளம்பெண், ஆராய்ச்சி மாணவி. அதே கேலக்ஸியை வேறு செயற்கைக்கோளில் இரண்டு வருடம் பார்த்தாள். அவளுக்கு 212 வரவே இல்லை. போன வருடக் கருத்தரங்கில் ஒரு கட்டுத் தாள்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "மேடம், நான் எங்க தப்பு பண்றேன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். நானும் பார்த்தேன். அவள் கணக்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. "இன்னும் நீண்ட நேரம் பார்க்கணும்மா, அவசரப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அவள் பெயரை எந்தக் கட்டுரையிலும் காணவில்லை. விசாரித்தேன், படிப்பை விட்டுவிட்டாளாம்.

யாரையும் வெட்ட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய்.

மூன்று நாளாக மதியச் சாப்பாட்டை என் அறையிலேயே சாப்பிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிறுத்துமிடம், அதைத் தாண்டி ஒரு சுவர், அவ்வளவுதான். யாரிடமாவது இதையெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தால் உன் முகவரி ஒன்றுதான் வருகிறது.

உறையை அனுப்பு. பதிவுத் தபாலில், ஒட்டியது ஒட்டியபடியே. 22ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 9

ராக்கெட்டுக்கு,

உரிமை கிரிமை எல்லாம் பெரிய வார்த்தை. எலும்பு என்றே எழுது.

உறையை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். தபால் அலுவலகத்தில் இருந்த அம்மா, "உள்ள என்ன சார் இருக்கு?" என்றார். "ஒரு நம்பர்" என்றேன். "நம்பர்னா போன்ல சொல்லிடலாமே சார்" என்றார். அப்படிச் சொல்லித்தான் இந்தக் கதி என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு விஷயம். தப்பு என்று தெரிந்து நீ திருத்தம் எழுதினால் என் பெயரையும் போடு. எண்ணைத் தவறாகச் சொன்னது இன்னார், உறவு தம்பி, தொழில் எக்ஸ்ரே என்று தெளிவாகப் போடு. அவர்கள் உன்னைத் திட்டுவதில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிடு. எனக்கு டாக்டரிடம் வாங்கிப் பழக்கம்.

அந்தப் பெண்ணின் முகவரி கிடைத்தால் அவளுக்கும் எழுது.

ஒழுங்காகச் சாப்பிடு. அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே. நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன், அதனால் சொல்கிறேன்.

எலும்பு


ஏப்ரல் 25

எலும்பு,

உறை 17ஆம் தேதி வந்தது. எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவரின் அறைக்கு எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்துத்தான் பிரித்தேன். உன் கோணல்மாணல் எழுத்தில் 210. அடியில் ஒரு கோடு வேறு போட்டிருக்கிறாய்.

258-இல் 210 போனால் 48. நாற்பத்தெட்டு நொடி, ஒன்றரைக் கோடி கிலோமீட்டருக்கும் குறைவு. மற்ற எல்லா கேலக்ஸிகளையும் போலவே இதிலும் விளக்கு தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிசயமும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவர் எதையாவது மறைக்கச் சொல்லப்போகிறார் என்று நான் பயந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "நீங்களே தேர்வுக் குழுவுக்குச் சொல்லிடுங்க" என்றார்.

22ஆம் தேதி சொன்னேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். வேலை அடுத்தவருக்குப் போய்விட்டது. என் ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது, நீட்டிப்பு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கும் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. வராமலும் போகலாம்.

உன் பெயரைப் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று.

அன்று நான் போன் செய்தபோது ஒழுங்கு என்ன? நான் கேட்க வேண்டும், நீ உறையைக் கிழித்து, காகிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். நான் கேட்டேன், நீ உடனே சொல்லிவிட்டாய். கிழிக்கிற சத்தம் கேட்கவே இல்லை. எனக்கு அது அந்தக் கணமே தெரியும். இன்னொருமுறை பார்த்துச் சொல்லு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் மனதில் கழித்துப் பார்த்துவிட்டேன். 212 வந்தது. அவ்வளவு அழகான எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

தள்ளிவைக்காத மூலக் கோப்பு என் கணினியிலேயேதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீ தள்ளியது எத்தனை நொடி என்று தெரிந்துவிடும். அரைமணி நேர வேலை. மூன்று வருடமாக அந்த அரைமணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நீ வேலை பார்ப்பது கதவை மூடிய அறை. அங்கே உன் குரலைத் தவிர எதுவும் கேட்காது. அன்று உன் பின்னால் யாரோ இருமினார்கள், நீளமாக, மூச்சு வாங்க. அது அப்பா என்று எனக்குத் தெரியும். நீ வீட்டில் இல்லை, வேலையிலும் இல்லை, அப்பா கட்டிலில் கிடக்கிறார், இது வெறும் காய்ச்சல் இல்லை. இத்தனையும் எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு என்னடா என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொன்னால் நான் கிளம்ப வேண்டியிருக்கும். மறுநாள் கட்டுரை அனுப்ப வேண்டும். "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

எண்ணைத் தவறாகச் சொன்னது நீதான். ஆனால் ஏமாந்தது நான் இல்லை. தேர்வுக் குழுவிடம் எண்ணைச் சரிபார்க்காமல் விட்டதை மட்டும்தான் சொன்னேன். அந்த இருமல் உனக்கு மட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. நான் புரிந்துகொள்வேன்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் விடுப்பு போட்டேன். முதல் நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். வீட்டில் ஆள் இல்லாததால் சத்தமாகவே திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "விருந்தாளி வந்திருக்காங்களா?" என்று கேட்டார். இன்னும் வரல என்றேன்.

இரண்டாவது நாள் உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று மாறி மாறிப் பார்த்தேன். நீ உறையைத் தலைவர் முன்னால் வைத்துத் திறந்தவள். உன்னிடம் மறைப்பது சரியில்லை.

அன்று இருமியது அப்பா இல்லை.

கடைசி இரண்டு நாள் அவர் தொண்டையில் குழாய் இருந்தது. இருமவும் முடியாது, பேசவும் முடியாது. இருமியது நாற்பத்தேழாம் கட்டில்காரர். ஒரு லாரி டிரைவர், நல்ல மனிதர், குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வருடமாக நீ சுமந்துகொண்டிருப்பது அவருடைய இருமலை.

உடனே நிம்மதி அடைந்துவிடாதே. அது அப்பா என்று நினைத்துத்தானே நீ போனை வைத்தாய். இருமியவர் யாராக இருந்தாலும் நீ வைத்தது வைத்ததுதான். அதற்கு என்ன திருத்தம் எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இதையும் கேள். நீ போன் செய்தபோது அப்பா விழித்திருந்தார். யார் என்று கண்ணால் கேட்டார். "ராக்கெட்டுப்பா. உங்களுக்கு எப்படியிருக்குன்னு கேட்டா" என்று சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்று ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. உன்மேல் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தபோதும் அதை அவருக்காகச் சொன்னேன். இத்தனை நாள் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது, உனக்கு அந்த ஆறுதல் கிடைக்கக் கூடாது என்றுதான். அது என் கெட்ட புத்தி.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதோடுதான் இருக்கிறேன், பழகிவிட்டது. அப்பாவின் அறையைக் காலி செய்துவிட்டேன், ஜன்னல் கொண்டி போட்டாயிற்று, மெத்தையை வெயிலில் வைத்து எடுத்தேன். முப்பத்தொன்றாம் தேதி ஒப்பந்தம் முடிந்ததும் எங்கே போவாய் என்று நீ எழுதவில்லை. எங்கே போவாய் என்று நானும் கேட்கவில்லை. எந்த வண்டி, எத்தனை மணி என்று மட்டும் எழுது.

நிலையத்தில் நிற்பேன். முதலில் கொஞ்சம் திட்டுவேன். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

எலும்பு